குழலில் தங்கிய இரண்டாவது வெடி

ஜூலை 19, சனி

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. வாஷிங் மெஷின் கதவு ரப்பர் மறுபடி கசிகிறது. ஆளைக் கூப்பிட வேண்டும்.

நாணய்யா போன். என் கணவர் சோமய்யாவின் தம்பி, குடகில் வீட்டையும் காபித் தோட்டத்தையும் பார்த்துக்கொள்பவர். அண்ணன் எடுக்காவிட்டால் எனக்கு அடிப்பார். கன்னடத்தில் ஆரம்பித்து, என் கன்னடத்தின் மேல் இரக்கப்பட்டுப் பாதியில் இங்கிலீஷுக்கு மாறுவார். விஷயம் இதுதான்: ஆகஸ்ட் 16 மாமனார் போய் ஒரு வருஷம். அன்று துப்பாக்கி வீட்டில் இருக்க வேண்டும், விளக்குக்குப் பக்கத்தில். நீங்கள் இரண்டு பேரும் வராவிட்டால்கூடப் பொறுத்துக்கொள்வேன், தோக் வந்தாக வேண்டும் என்றார். தோக் என்றால் துப்பாக்கி. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் கற்ற குடகு மொழி ஏறக்குறைய அந்த ஒரு சொல்தான்.

சோ.விடம் சொன்னேன். டைம் இல்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார், லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல். அப்பா போன பிறகு இவர் ஊருக்கே போகவில்லை. கேட்டால் ஹாசன் ரோடு மோசம். நாங்கள் போவது மைசூர் வழியாக.

சரி, நானே துடைத்து வைக்கிறேன் என்றேன். பதில் இல்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

துப்பாக்கி அலமாரி மேல், பெட்ஷீட்டில் சுற்றி. மாமனார் காரியம் முடிந்து வந்த நாளிலிருந்து அங்கேதான். நிப்பிள் தேய்ந்துவிட்டது, பெங்களூர் சிவாஜிநகரில் மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லி சோ. எடுத்து வந்தார். மாற்றவில்லை.


ஜூலை 20, ஞாயிறு

வெயில் ஒரு மணி நேரம். மாவு அரைத்தாயிற்று.

ஹாலில் பழைய போர்வை விரித்துத் துப்பாக்கியைக் கிடத்தினேன். என் உயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. பழங்கால வகை. வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, மேலே காகிதமோ துணியோ வைத்து, கோலால் இடித்து இறுக்கி, பின்பக்கம் இருக்கும் நிப்பிள் மேல் சின்னச் செப்பு கேப் மாட்டிச் சுட வேண்டும். குழலுக்குள் சுழல் வரி உண்டு, ஆகவே ரைஃபிள். நாட்டுத் துப்பாக்கி என்று சொன்னால் அந்த வீட்டில் சோறு கிடைக்காது.

தேவை:
– நிப்பிள் (பழையது நுனி மழுங்கி, துளை அடைபட்டு)
– சுத்தியலை இழுக்கும் வில் (தளர்ந்திருக்கிறது)
– கோல் நுனிப் பூண்
– பருத்தித் துணி. என் பழைய சுங்கடி போதும்.

எதையும் கழற்றும் முன் அளந்து பார்ப்பது என் வழக்கம். ஆபீஸ் புத்தி. கோலைக் குழலுக்குள் விட்டேன், நின்ற இடத்தில் கட்டைவிரல். வெளியே எடுத்துக் குழலோடு ஒட்டி வைத்துப் பார்த்தால் நிப்பிள் வரை எட்டவில்லை. நாலு விரல் குறைகிறது. துருவா, குளவிக் கூடா? டார்ச் அடித்துப் பார்க்கக் குனிந்தேன்.

சோ. சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து வந்தார். ஓடி வரவில்லை, ஆனால் நாற்காலி விழுந்தது. குழலை என் முகத்துக்கு எதிரிலிருந்து திருப்பினார்.

"அடைப்பு இல்ல மாலு. மருந்து."

பிறகு சொன்னார். நின்றுகொண்டே, ஜன்னலைப் பார்த்து.

அங்கே ஒருவர் இறந்தால் வாசலில் நின்று வானத்தைப் பார்த்து இரண்டு முறை சுடுவார்கள். மலைக்கு மலை வீடு, போன் இல்லாத காலத்தில் அதுதான் செய்தி. குண்டு கிடையாது, மருந்தும் காகிதமும் மட்டும். சுடுவது மூத்த மகன். போன வருஷம் அந்த மழையில் இவர் முதல் வெடி போட்டார். மருந்து கெட்டித்து இரண்டாவதுக்கு விசையை இழுத்தார். கேப் மட்டும் டிக் என்றது. இன்னொரு கேப். டிக். எல்லாரும் நனைந்துகொண்டு நிற்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தன் ட்வெல்வ்-போர் தோட்டாத் துப்பாக்கியைத் தூக்கிச் சுட்டுவிட்டார். இரண்டு கேட்டாயிற்று, கணக்கு முடிந்தது, ஆட்கள் உள்ளே போய்விட்டார்கள். இவர் துப்பாக்கியைத் துணியில் சுற்றிவிட்டார்.

அப்பாவுக்கான இரண்டாவது வெடி இதற்குள்ளேயே இருக்கிறது.

நான் அன்று அந்த வீட்டுக்குள்தான் இருந்தேன், பெண்களோடு. இரண்டு சத்தம் கேட்டது. நான் எண்ணவில்லை.


ஜூலை 21, திங்கள்

பொம்மசந்திரா வரை மழை. வண்டிகள் நகரவில்லை. கம்பெனி பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு ஒரே யோசனை: ஒரு வருஷமாக, கெட்டித்த துப்பாக்கிக்குக் கீழே தூங்கியிருக்கிறோம். கேப் இல்லாமல் வெடிக்காது என்கிறார். நான் மாத்திரை செய்யும் மருந்துக் கம்பெனியின் தரப் பரிசோதனைப் பிரிவில் இருப்பவள். 'வெடிக்காது' என்று வாயால் சொன்னால் கையெழுத்துப் போடுகிறவள் இல்லை.

கோபம். காட்டவில்லை. தோசை மட்டும் கொஞ்சம் தீய்ந்தது.

அந்த இரண்டு வெடி கணக்கில் எனக்கு நம்பிக்கை கிடையாது. போனவருக்கு ஒன்று கேட்டால் என்ன, இரண்டு கேட்டால் என்ன. அங்கே நின்றவர்களுக்கு இரண்டு கேட்டது, அதோடு முடிந்தது. இதை அவரிடம் சொல்லவில்லை. ஒரு வருஷமாக ஊருக்குப் போகாததற்குக் காரணம் ரோடு இல்லை என்று இப்போதுதானே தெரிகிறது.

ரப்பர் மாற்ற ஆள் வரவில்லை. நாளைக்காம்.


ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. வேலூரில் அம்மா விரதம், மாத்திரை போட்டார்களா என்று கேட்க மறந்துவிட்டேன்.

சோ. ஒரு முடிவோடு வந்திருக்கிறார். 16ஆம் தேதி துப்பாக்கியை அப்படியே எடுத்துப் போவாராம். நிப்பிளை மட்டும் மாற்றி, உள்ளே இருக்கிற அதே மருந்தைச் சுட வேண்டுமாம்.

முடியாது என்றேன். ஒரு வருஷ ஈரம். மருந்து கட்டிதட்டியிருக்கும், அதைச் சுற்றி இரும்பு அரித்திருக்கும், எவ்வளவு என்று வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. இதெல்லாம் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், அதுதான் வேடிக்கை. ஊரில் வேறு யாராவது இப்படிச் செய்தால் முதலில் கத்துகிறவர் இவர்.

"அது அப்பாவுக்குப் போட்டது. எடுத்துத் தண்ணியில கொட்டச் சொல்றியா?"

"ஆமா."

"உனக்குப் புரியாது."

"புரியாம இருக்கட்டும். அது பிளந்தா உங்க மூஞ்சியிலதான் பிளக்கும். உங்களுக்கு ரெண்டு வெடி கேட்டுட்டு நிக்க நான் தயாரா இல்ல."

குரல் உயரவில்லை. கடைசி வாக்கியத்தில் கொஞ்சம் உடைந்தது. எனக்கே எதிர்பாராதது. எழுந்து போய் இல்லாத அழுக்கை சிங்க்கில் தேய்த்தேன்.

வெகுநேரம் கழித்துச் சமையலறை வாசலில் வந்து நின்றார். சரி என்று சொல்லவில்லை. "ஞாயித்துக்கிழமை. நீயும் பிடி" என்றார்.


ஜூலை 27, ஞாயிறு

மூட்டம். காற்று. பக்கத்து பிளாட்டில் டிரில் மெஷின், காலையிலேயே.

பாத்ரூமில் வைத்தோம். குழல் வாய் சுவர்ப் பக்கம், ஆள் யாரும் அந்தத் திசையில் இல்லை. அவர் பித்தளைச் சாவி போட்டு நிப்பிளைத் திருகினார். வரவில்லை. எண்ணெய் விட்டுக் காத்திருந்து மறுபடி. நகர்ந்தது. அந்தத் துளை வழியாகவும் வாய் வழியாகவும் வெந்நீர், சின்னப் புனல் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக. மதியம் வரை அப்படியே ஊற வைத்தோம். நனைந்த மருந்து செத்த மருந்து. அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு சரியாக வந்தது.

சாப்பிட்டுவிட்டு: கோல் நுனியில் திருகு ஊசி மாட்டி உள்ளே விட்டு, அடைப்பில் குத்தித் திருப்பி இழுக்க வேண்டும். அவர் குழலை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டார். நான் திருப்பினேன். இரண்டு முறை வெறும் கையோடு வந்தது. மூன்றாம் முறை பிடித்துக்கொண்டது. கார்க் வருகிற மாதிரி வந்தது: கன்னட தினசரியின் கிழிசல், கறுத்து, ஊறி. ஒரு ஓரத்தில் காபி விலை நிலவரம் இன்னும் படிக்க முடிந்தது. அதற்குப் பின்னால் கறுப்புக் குழம்பு. அழுகிய முட்டை வாசனை.

சோ. அந்தக் காகிதத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தார். விரித்துப் பார்க்கவில்லை.

குழம்பைச் சாக்கடையில் ஊற்றப் போனேன். "பேடா" என்றார். அவர் வேண்டாம் என்று சொல்வது எப்போதும் கன்னடத்தில்தான் வரும். பக்கெட்டை பால்கனிக்கு எடுத்துப் போய்க் கறிவேப்பிலைத் தொட்டியைப் பார்த்தார், பிறகு என்னை. வெடியுப்பு, கந்தகம், கரி. முதல் இரண்டும் உரக் கடையில் விற்பதுதான், மூன்றாவது கெடுதல் இல்லை, தாராளமாக ஊற்றலாம் என்றேன். நிறைய தண்ணீர் கலந்து ஊற்றினார். காகிதத்தையும் மண்ணைக் கிளறிப் புதைத்தார்.

பிறகு அங்கேயே, மழைத் தண்ணீர் நின்ற தரையில், உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். அவர் தோள் என் தோளில் இருந்தது, நடுங்கியது. போன வருஷம் காரியத்தில், கொள்ளி வைத்தபோதுகூட, இவர் அழுது நான் பார்க்கவில்லை.

டிரில் மெஷின் சாயங்காலம்தான் நின்றது.


ஆகஸ்ட் 2, சனி

சிவாஜிநகர். பார்க்கிங் கிடைக்காமல் மூன்று சுற்று. துப்பாக்கியை என் யோகா பாய் உறையில் வைத்துக்கொண்டு போனோம். கீழே செக்யூரிட்டி, "மேடம், சாரும் கிளாஸ் சேர்ந்துட்டாரா?" என்றார். சோ. சிரிக்காமல் தலையாட்டினார்.

லைசென்ஸ் உள்ள பழைய ரிப்பேர் கடை. கடைக்கார பாய்க்கு அறுபது இருக்கும். பேப்பர்களை முதலில் பார்த்தார், பிறகுதான் உறையைத் தொட்டார். கன்டோன்மென்ட் தமிழ். குழலுக்குள் சின்ன பல்பை இறக்கிப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"இன்னா சார், இத்தினி நாளா மருந்து உள்ளயே வெச்சினு இருந்தீங்களா?"

சோ. தரையைப் பார்த்தார்.

"ஊட்டுல சண்ட கிண்ட வந்ததில்லபோல" என்று என்னைப் பார்த்தார். வந்தது, அதனால்தான் மருந்து வெளியே வந்தது என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அந்நியர்களிடம் எனக்கு வேடிக்கை வராது.

அடிப்பக்கம் மேலாகத் துரு, புள்ளி புள்ளியாக. ஆழமில்லை, தேய்த்தால் போகும், ஆனால் இனி முழு மருந்து வேண்டாம், பாதி போதும் என்றார். வில் கைவசம் இருந்தது. பூண் இருந்தது. நிப்பிள்தான் தகராறு. டப்பாவில் இருந்த புதியது ஒன்றரைச் சுற்று போய் நின்றுவிட்டது. சோ. சாவியை வாங்கி இறுக்கப் பார்த்தார். பாய் கையைத் தட்டிவிட்டார், குழந்தை கையைத் தட்டுவதுபோல. மரை வேறு, இறுக்கினால் குழலின் மரை போய்விடும், பிறகு அது சுவரில் மாட்டத்தான். லேத்தில் கடைந்து தருகிறேன், அடுத்த சனி வாருங்கள், துப்பாக்கி இங்கே இருக்கட்டும் என்று ரசீது எழுதினார்.

காலி உறையோடு திரும்பினோம். வழியில் சோ. பஜ்ஜி வாங்கினார். ஒரு வருஷத்துக்குப் பிறகு தானாக எதையோ வேண்டும் என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இரண்டு பிளேட்.


ஆகஸ்ட் 10, ஞாயிறு

வெயில். நல்ல வெயில். எல்லாத் துணியும் காய்ந்தது.

நேற்றே துப்பாக்கி வந்துவிட்டது. புது நிப்பிள் வெள்ளிபோல மின்னுகிறது, மற்றதோடு பொருந்தாமல். போகப் போகக் கறுக்கும் என்கிறார்.

இன்று முழுச் சுத்தம். ஆப்பைத் தட்டி எடுத்தால் குழல் மரத்திலிருந்து தனியாக வந்துவிடுகிறது. இவ்வளவு பழைய சாமான் இவ்வளவு எளிதாகக் கழலும் என்று நினைக்கவில்லை. எங்கள் மிக்சி கழலாது. அடிப்பக்கத்தை பக்கெட்டில் நிற்க வைத்து, கோலில் துணி சுற்றி, சோப்புத் தண்ணீரை மேலும் கீழும் இழுத்தோம். பம்பு அடிப்பதுபோல. கறுப்பு, பிறகு செம்பழுப்பு, பிறகு சாம்பல். கடைசியில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர், இரும்பு தானாகவே சூட்டில் காய்ந்துவிடும். சுங்கடித் துண்டுகள் ஒவ்வொன்றாக. வெள்ளையாக வெளியே வரும் வரை நிறுத்தக் கூடாது என்பது அவர் அப்பாவின் சட்டமாம்.

எண்ணெயில் வாக்குவாதம். அவர் வீட்டில் தேங்காய் எண்ணெய்தான். அது சிக்குப் பிடிக்கும், தையல் மெஷின் எண்ணெய் போடலாம் என்றேன். கடைசியில் இரும்புக்கு என் எண்ணெய், மரத்துக்கு அவர் எண்ணெய். கல்யாணத்திலும் இப்படித்தான் தீர்ந்தது: காலையில் தாலி, மாலையில் அவர்கள் முறை.

தேய்த்துக்கொண்டே பேசினார். அப்பாவைப் பற்றி, தானாக. பன்றி விரட்டப் போய்த் தோட்டத்து மாட்டைப் பயமுறுத்திய கதை. கோபம் வந்தால் கன்னடத்தில் திட்டுவார், அன்பு வந்தால் எதுவும் பேசாமல் எதையாவது ரிப்பேர் செய்வார் என்ற கதை. அந்தக் குணம் யாருக்கு வந்திருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

எனக்கும் ஒன்று நினைவு வந்தது. வருஷா வருஷம் ஆயுத பூஜைப் பண்டிகையில் தேங்காயைக் குறிவைத்துச் சுடும் போட்டி. வெடிச் சத்தம் எனக்கு ஆகாது. மாமனார் அதை எப்போது கவனித்தாரோ, விசையை இழுக்கும் முன் என் பக்கம் திரும்பி ஒரு தரம் இருமுவார். நான் காதைப் பொத்திக்கொள்வேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குக் குடகு தெரியாது. இருபது வருஷத்தில் நாங்கள் நேராகப் பேசிக்கொண்டது அநேகமாக அந்த இருமல்தான். இதைச் சோ.விடம் சொன்னேன். அவருக்குத் தெரியாதாம். சளி என்று நினைத்தாராம்.

ரொம்ப நேரம் சிரித்தோம். என்னுடையது நடுவில் வேறு மாதிரி ஆகிவிட்டது. எண்ணெய்க் கையோடு அவர் என் கண்ணைத் துடைத்துவிட்டார். எரிந்தது.


ஆகஸ்ட் 14, வியாழன்

அரை நாள் லீவு. மூன்று நாள் விடுமுறைக்குப் பெங்களூரே வெளியே கிளம்புகிறது. சில்க் போர்டு தாண்டவே தலைவலி.

மூட்டை: துப்பாக்கி (யோகா உறை), பேப்பர்கள், அம்மா கொடுத்த வடகம், நாணய்யா மனைவிக்குப் புடவை, என் காதுக்குப் பஞ்சு. மருந்தும் கேப்பும் அங்கே நாணய்யாவிடம். இங்கிருந்து ஒரு சிட்டிகை கூட வேண்டாம் என்பதில் நான் உறுதி.

பிடதி தாண்டியதும் கேட்டார், "நான் ஒண்ணு போட்டா நீ சிரிப்பியா?"

எதை என்று கேட்கத் தேவையில்லை. சிரிக்க மாட்டேன், ஆனால் அதற்கு அர்த்தம் உண்டு என்றும் சொல்ல மாட்டேன் என்றேன்.

"அர்த்தம் வேணாம். நீ பக்கத்துல நின்னா போதும்."


ஆகஸ்ட் 16, சனி. ஊர்

விடியும்போது கொட்டியது, பிறகு நின்றது. சட்டையெல்லாம் ஈர வாடை.

விளக்கு. பக்கத்தில் துப்பாக்கி. பெரியவர்களுக்குப் படையல். நாணய்யா குழலுக்குள் எட்டிப் பார்த்து விரலை விட்டுத் துடைத்து விரலைப் பார்த்தார், கறையில்லை. அண்ணன் முகத்தைப் பார்த்தார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது.

சாப்பாட்டுக்கு முன் சோ. முற்றத்துக்கு வந்தார். பாதி மருந்து. செய்தித்தாள் கிழிசல். கோலால் இடித்தார், சின்னச் சின்ன அடியாக. கேப். நான் பக்கத்தில். பஞ்சை உள்ளேயே மறந்துவிட்டேன்.

சுட்டார்.

அடிவயிற்றில் கேட்கிற சத்தம். டொம் என்று, கனமாக. வெள்ளைப் புகை ஈரக் காற்றில் எழும்ப முடியாமல் மிளகுக் கொடிகள்மேல் படுத்துக்கொண்டது. காதைப் பொத்தவில்லை நான். வலித்தது. பரவாயில்லை.

அப்போது வீட்டுக்குள் போன் அடித்தது. நாணய்யா எடுத்து, கேட்டு, விழித்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எதிர் மலையிலிருந்து முத்தவ்வா. எண்பது தாண்டியவர், தனியாக இருக்கிறார். ஒரே ஒரு வெடி கேட்டதே, உங்கள் வீட்டில் யாருக்கு ஆண் குழந்தை என்று கேட்கிறாராம். இந்தப் பக்கம் ஒற்றை வெடி என்றால் பிள்ளை பிறந்த சேதியாம். எனக்கு இன்று வரை யாரும் சொன்னதில்லை. நாணய்யாவின் மனைவி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் சேர்த்துத் தொண்ணூற்றைந்து வயது.

சோ. போனை வாங்கினார். இரண்டு வார்த்தை சொன்னார். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றார், துப்பாக்கியை ஒரு கையில் பிடித்தபடி. வைத்த பிறகு என்னிடம் வந்தார்.

"அப்பாவோட ரெண்டாவதுன்னு சொன்னேன். தெரியுமாம். போன வருஷம் ரெண்டாவதா கேட்டது நம்ம தோக் சத்தம் இல்லன்னு அன்னிக்கே தெரியுமாம். அது டப்புன்னு கேக்குமாம், நம்மது இப்படி கேக்குமாம். சும்மா பிள்ளைன்னு வம்புக்குக் கேட்டிருக்காங்க. இவ்ளோ லேட்டாவாடான்னு திட்டுறாங்க."

அவ்வளவு தூரம், அந்த மழை, அந்த வயதுக் காது. நம்ப முடிகிற விஷயம் இல்லை. நம்புகிறேன்.

இப்போது சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். சோ. குரல்தான் பெரிதாகக் கேட்கிறது, மாட்டுக் கதை மறுபடி. துப்பாக்கி என்னிடம். சுட்ட கறை ஈரத்தை இழுக்கும், இன்றைக்கே கழுவியாக வேண்டும். அண்டாவில் வெந்நீர் கொதித்துவிட்டது, கூப்பிடுகிறார்கள்.